பின்னால் நிற்கிறவர்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அந்த ஆளை பிரான்சி இதுவரை முப்பத்தோரு முறை அழித்திருக்கிறாள்.

கொலைகாரி என்று நினைத்துவிடாதீர்கள்... பாவம், எறும்பைக்கூட ஊதித்தான் விடுவாள். மேலப்புதூரில் இருக்கும் கமர் ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் வேலை. கல்யாணப் படம் என்றால் அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இருக்க வேண்டும். பின்னால் எட்டிப் பார்க்கிற தலை, கொடியில் காய்கிற துண்டு, பிளாஸ்டிக் குடம், கரண்ட் கம்பி, பாதி தெரிகிற ஆட்டோ... எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்து, வேண்டாத ஓரங்களை வெட்டி எறிந்து, பார்க்கிறவர்களை 'அடடா' என்று சொல்ல வைப்பது அவள் கை. நாலு வருஷத்தில் அந்தக் கை அப்படிப் பழகிவிட்டது. துடைத்த இடத்தில் முன்னே என்ன இருந்தது என்று பெற்ற தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டுடியோவின் முதலாளி கமர் ஜஹான். ஊருக்கே கமர் அக்கா. காமிராவை எடுத்தால் மாப்பிள்ளையின் பெரியப்பாவையும் மிரட்டி நிறுத்துகிற ஆள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக எடுக்கிற படங்களுக்கு அவர் மூன்று வருஷமாக ஒரே இடத்துக்குத்தான் போகிறார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் மேற்கே, கூட்டமில்லாத ஒரு சின்னப் படித்துறை. காலை ஆறு மணி வெளிச்சம், எதிரே காவேரி, அக்கரையில் மலைக்கோட்டை... வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே ஆறு மணிக்கு அவனும் வந்துவிடுவான்.

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, படியோரம் தண்ணீர் மட்டம் பார்க்க நட்டிருக்கிற அளவுக் கம்பத்துக்கு முன்னால் நிற்பான். கையில் ஒரு நோட்டு. ஜோடி காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பான். இடது கை முதுகுக்குப் பின்னால். தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. எல்லாப் படத்திலும் முதுகு தெரியும், இல்லையென்றால் பாதி முகம் தெரியும். 'பின்னால நிக்கிற ஆளை எடுத்துடுடி' என்பார் கமர் அக்கா. பக்கத்திலிருக்கும் ஆற்றை எடுத்து அவன்மேல் பூசி பிரான்சி அவனை எடுத்துவிடுவாள்.

எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்... அதனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு காப்பியை 'தண்ணி' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போட்டுவிடுவாள். யாராவது கேட்டால், ஆற்றுத் தண்ணீரை ஒட்டிப் பழகுவதற்கு என்று சொல்லலாம். பதிலைத் தயாராக வைத்திருந்தாள். கேட்கத்தான் யாருமில்லை.

அந்த ஆள் இன்று புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வெளியே ஐப்பசி மழை பிசுபிசுத்துக்கொண்டிருக்க, கால்மிதியில் செருப்பை நாலு முறை தேய்த்துவிட்டு உள்ளே வந்து, போட்டோ எடுக்கணுங்க என்கிறான். குடித்துக்கொண்டிருந்த டீ பிரான்சிக்குப் புரை ஏறியது.

கமர் அக்கா துறையூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். வேறு வழியில்லை. பிரான்சியே காமிராவை எடுத்தாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னால், அவன் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டு, பாதி உடம்பு திரைக்கு வெளியே இருக்க உட்கார்ந்தான்.

"கொஞ்சம் நடுவுல வாங்க" என்றாள்.

அவன் சிரித்தான். "காலையில ஆத்துல போட்டோ எடுக்குறவங்க எல்லாரும் என்னைத் தள்ளி நில்லுங்கன்னுதான் சொல்லுவாங்க. நடுவுல வாங்கன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாங்க."

காமிராவுக்குள் கண்ணை வைத்தாள். முழு முகம்... முதல் தடவையாக முழு முகம். மாதாவே, இந்தக் கண்கள் இத்தனை நாள் எங்கே இருந்தன? பெரிய கண் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரமே இல்லாத கண். பார்க்கிற பொருளைப் பார்த்து முடித்த பிறகுதான் விலகும் போல. இப்போது அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு காமிரா இருந்ததால் அவள் தப்பித்தாள்.

இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. படத்தைத் திரையில் காட்டியபோது அதைத் தொட்டுக் காண்பித்து, இதை மட்டும் எடுத்துடச் சொல்லி எங்கம்மா சொல்லுச்சுங்க என்றான். மவுஸை இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும். பிரான்சிக்குக் கை வரவில்லை.

"இருக்கட்டுமே... அது இல்லைன்னா வேற யாரோ மாதிரி இருப்பீங்க."

"என்னை முன்னாடியே பார்த்திருக்கீங்களா?"

"இப்பப் பார்க்குறேன்ல" என்று சொல்லிவிட்டுப் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சுட்டது.

பிரிண்ட் வருகிற பத்து நிமிஷத்தில் பேர் தெரிந்தது. ஸ்டீபன்ராஜ். லால்குடிக்காரன். வீட்டில் அம்மா மட்டும். என்ன வேலை என்று தெரியாதவள் போலக் கேட்டாள். அவன் சொன்ன விதம் இருக்கிறதே... கலெக்டர்கூடத் தன் வேலையைப் பற்றி அவ்வளவு பெருமையாகச் சொல்ல மாட்டார். ஆற்றின் அளவை ஒரு தடவை பார்த்து எழுதிவிட முடியாதாம். அலை ஏமாற்றிவிடுமாம். மூன்று தடவை பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் நோட்டில் ஏறும். அப்படித்தான் அவன் ஏழு வருஷமாக எழுதுகிறானாம்.

படம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாள். கே.கே. நகரில் ஒரு டீச்சர் வீட்டுக்கு அனுப்பவாம். பிடித்திருந்தால் அடுத்த வாரம் பெண் பார்க்கப் போவார்களாம். பிரான்சி "ஓ" என்றாள். அந்த ஒரு 'ஓ'வைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆசையாக எடுத்த முதல் படம் இன்னொருத்தி கைக்குப் போகிறது.

உறையை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவன் திரும்பினான்.

"ஒண்ணு கேட்கலாங்களா? இந்த ஸ்டுடியோவிலேர்ந்துதானே ஆத்தங்கரைக்கு வர்றாங்க? கம்பம் அங்கதான் இருக்கு, நான் எங்க தள்ளிப் போறது... அதனால எல்லா ஜோடி கூடவும் நானும் விழுந்திருப்பேன். மணப்பாறை வரைக்கும் எல்லார் வீட்டு ஆல்பத்துலயும் உன் பையன் இருக்கான்னு எங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தெருவுல எல்லார்கிட்டயும் அது சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும். அதுல ஒரே ஒரு காப்பி கிடைச்சா வீட்டுல மாட்டுவேன்."

ஒரு வீட்டு ஆல்பத்தில்கூட அவன் இல்லை. பிரான்சியைவிட அது யாருக்குத் தெரியும்? சொல்ல வேண்டியதுதானே... வாய் வரவில்லை.

"சனிக்கிழமை வாங்க. எடுத்து வைக்கிறேன்."

அவன் மழையில் இறங்கிப் போனான். சட்டைக்குள் அந்த உறையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு போனான்.

*

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது? 'தண்ணி' ஃபோல்டரில் இருக்கிற படம் எல்லாவற்றிலும் யாரோ ஒரு ஜோடி இருக்கிறது. அடுத்தவர் கல்யாணப் படத்தை எடுத்து இன்னொருவர் வீட்டில் மாட்டக் கொடுத்தால் கமர் அக்கா தோலை உரித்துவிடுவார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே, பிரான்சி முப்பத்தோராவது படத்தைத் திறந்தாள். அது பிரேமலதா என்கிற பெண்ணுக்கும் கோகுலன் என்கிற மாப்பிள்ளைக்கும் எடுத்தது. சனிக்கிழமை ரிசப்ஷனுக்கு மண்டப வாசலில் பத்தடி உயரத்தில் நிற்கப் போகிற படம். அதிலிருந்து ஸ்டீபன்ராஜை அவள் செவ்வாய்க்கிழமையே துடைத்து முடித்துவிட்டாள். இப்போது ஒரிஜினலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். முன்னால் ஜோடி. பின்னால், இடது ஓரத்தில், பொன்னாக வெயில் பட்டு அவன்.

நாலு வருஷத்தில் முதல் முறையாக ஜோடி அவளுக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் தோள் போனது. பெண்ணின் ரோஸ் பட்டுப்புடவை போனது. காற்றில் பறந்த முந்தானையை எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. போன இடத்திலெல்லாம் காவேரியை நிரப்பினாள். ஆனாலும் அவன் ஓரத்திலேயே நின்றான். வலது பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தாள்... ஆள் நகரவில்லை, ஆனால் நடுவுக்கு வந்துவிட்டான். இப்போது மலைக்கோட்டை அவனுக்காகவே பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆறும் அவனும் மட்டும். எவ்வளவு அழகாக இருக்கிறான் என்று வாய்விட்டே சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை, நல்லவேளை.

இங்கேதான் வினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு கமர் அக்கா வெளியிலிருந்து போன் போட்டு, பிளெக்ஸ் கடைக்கு இன்னும் படம் போகலையாடி என்று சத்தம் போட்டார். பிரான்சி திரையில் ஒன்றைத் தொட்டாள், அனுப்பினாள். ஒரே ஃபோல்டரில் இரண்டு படம். ஒன்றில் ஜோடி மட்டும். இன்னொன்றில் அவன் மட்டும். மனசு எதில் இருந்ததோ விரல் அதைத் தொட்டது.

*

சனிக்கிழமை காலை பத்து மணி. ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்து வாசலில், தாமரைப் பூ அலங்காரத்துக்கு நடுவே, 'பிரேமலதா – கோகுலன் வரவேற்பு' என்று தங்க எழுத்து. அதற்குக் கீழே பத்தடி உயரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நோட்டில் ஏதோ எழுதுகிற ஸ்டீபன்ராஜ்.

பிளெக்ஸ் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்பல்லாம் மாப்பிள்ளை தனியா நிக்கிற மாதிரியும் எடுக்குறாங்களேன்னு விட்டுட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமா, மாப்பிள்ளை பொதுப்பணித் துறையா என்று விசாரித்தார். கல்லூரிப் பெண்கள் நாலு பேர் போர்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து அந்த நிமிஷமே ஸ்டேட்டஸில் போட்டார்கள். பாதி மேக்கப்பில் எட்டிப் பார்த்த பிரேமலதா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலத்துக்குள்ள மாத்திடுங்க, ஆனா இதையும் எனக்கு ஒண்ணு குடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசு.

கமர் அக்காவுக்கு அவ்வளவு நல்ல மனசு அந்த நேரத்தில் வரவில்லை. பிரான்சியைத் தூணோரம் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பத்து வருஷம் சம்பாதித்த பேர் ஒரு போர்டில் போச்சு என்றார். பிரான்சி தலையைக் குனிந்தபடி நின்றாள். அவள் பயந்தது இதற்கல்ல... பயந்த மாதிரியே பைக் வந்து நின்றது.

ஸ்டீபன்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான். அண்ணாந்து பார்த்தான். வாசலில் நின்றவர்கள் போர்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவனுக்குச் செய்தி வந்த வழி இதுதான். கே.கே. நகர் டீச்சரின் தங்கை, பிரேமலதாவோடு படித்தவளாம். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு வீட்டில் காட்டியிருக்கிறாள். ரெண்டு நாளைக்கு முன்னால் படம் அனுப்பிய மாப்பிள்ளைக்கு இன்றைக்கு ரிசப்ஷன். அவர்கள் அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட கேள்வியில், அந்த அம்மா அழுதே விட்டாராம். சம்பந்தம் அதோடு முறிந்துபோனதாம். இதையெல்லாம் அவன் சத்தமில்லாமல் சொன்னான். கத்தியிருந்தால்கூட பிரான்சிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கமர் அக்கா பதறிப்போய்க் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்குங்க தம்பி. உங்களை நாங்க எப்பவும் சுத்தமா எடுத்துடுவோம். மூணு வருஷமா ஒரு படத்துலகூட விட்டதில்லை. இந்த ஒரு தடவைதான் தப்பு நடந்துபோச்சு."

நல்லது நினைத்துத்தான் சொன்னார்...

ஸ்டீபன்ராஜ் மெல்லத் திரும்பி பிரான்சியைப் பார்த்தான். "ஒரு படத்துலகூட இல்லையா?"

அவள் தலையாட்டினாள். பொய் சொல்ல அந்தக் கண்ணுக்கு முன்னால் இடமில்லை.

"எடுக்கிறது நீங்கதானா?"

அதற்கும் தலையாட்டினாள்.

கல்யாணம் தட்டிப்போனதைச் சொன்னபோது இல்லாத ஒரு வாட்டம் இப்போது அவன் முகத்தில் இருந்தது. "பரவாயில்லைங்க. உங்க வேலை அது. எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அவனுக்காக உறையில் போட்டு எடுத்துவந்த படம் பிரான்சியின் பையிலேயே இருந்தது. பைக் ராஜகோபுரம் பக்கம் திரும்பி மறைகிறவரை அதைக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

*

மத்தியானம் புதுப் படம் அடித்து வந்து, ஜோடி அதன் இடத்தில் ஏறியது. பழையதைச் சுருட்டி பிரேமலதாவின் தம்பி உள்ளே கொண்டுபோனான். கமர் அக்காவின் கோபமும் சாயங்கால பிரியாணியோடு இறங்கிவிட்டது. பிரான்சிக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

கே.கே. நகர் டீச்சரின் நம்பர், அந்தத் தங்கை மூலமாக, பிரேமலதாவிடம் கிடைத்தது. நம்பரை வைத்துக்கொண்டு பிரான்சி மண்டபத்துப் பின்கட்டில் நடந்தாள். போன் போடாமல் விட்டால் என்ன? இந்தச் சம்பந்தம் தானாக முறிந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். ஆசை அப்படித்தான் சொன்னது... ஆனால் செய்யாத தப்புக்கு அவன் பேர் கெட்டுக் கிடக்கிறதே. பின்னால் நின்றான் என்பதற்காக மூன்று வருஷம் அழித்தது போதாதா?

போட்டாள். டீச்சர் பேர் ஜெஸ்லின். தப்பு என்னோடதுங்க, அவருக்குக் கல்யாணம் ஒண்ணும் ஆகலை என்று ஆரம்பித்தாள். அவர் எப்பேர்ப்பட்ட மனுஷர், மழையானாலும் பனியானாலும் ஆறு மணிக்கு எப்படி வந்து நிற்பார், எதையும் மூன்று முறை பார்க்காமல் எப்படி எழுத மாட்டார்... சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஜெஸ்லின் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், "நீங்க அவங்க சொந்தமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லீங்க, போட்டோல பின்னாடி இருக்கிறதை எடுக்கிறவ என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக் கோயிலில் பூசை முடிந்ததும் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். சாவி அவளிடம்தான் இருந்தது. 'தண்ணி'யைத் திறந்து ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை வரிசையாக எடுத்தாள். அழிக்கவில்லை, பூசவில்லை. வெட்டினாள். அவன் மட்டும் நிற்கிற மாதிரி, முகமில்லாத ஜோடிகளின் முழங்கையும் சரிகையும் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும் என்று, சின்னச் சின்னதாக வெட்டி அடித்து ஒரு ஆல்பத்தில் ஒட்டினாள்.

*

திங்கட்கிழமை விடிகாலை, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி அம்மா மண்டபத்தில் இறங்கினாள். தூறல். துப்பட்டாவுக்குள் ஆல்பத்தை வைத்துக்கொண்டு மேற்கே நடந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படித்துறைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. எந்தப் படியில் எந்த விரிசல் என்று மனப்பாடம். ஆனால் அந்தப் படி இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாது. ஆறு இப்படிப் பேசிக்கொண்டே போகும் என்றும் தெரியாது. திரையில் சத்தம் ஏது?

அவன் நின்றிருந்தான். அதே இடம், அதே சாய்வு. தூறல் விழுந்து தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்ததால் அன்று அவன் ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு தடவை... இரண்டு தடவை... மூன்றாவது தடவையும் பார்த்து, எழுதி, திரும்பினான். கடைசிப் படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள்.

முகம் இறுகியது. மேலே ஷூட்டிங் ஆரம்பிக்குறாங்க, தள்ளி நில்லுங்க என்றான். உண்மைதான். பத்துப் படி மேலே கமர் அக்கா குடையும் கையுமாக ஒரு ஜோடியை நிறுத்திக்கொண்டிருந்தார். பிரான்சி தள்ளவில்லை. ஆல்பத்தை நீட்டினாள்.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். முதல் பக்கத்தைப் பார்த்தான். அடுத்தது... அடுத்தது. கோபம் எங்கேயோ வழியில் நின்றுவிட்டது. அவன் தன்னைப் பார்க்கவே இல்லை, ஆற்றைத்தான் பார்த்தான். "இது ஆடிப்பெருக்குக்கு மறுநாள்... பாருங்க, அஞ்சு படி முங்கியிருக்கு. இது மாசி மாசம், மணல் தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். தேதி போடாத படங்களுக்கு அவனே தேதி சொன்னான். ஒரு பக்கத்தில் நின்றான். ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை.

"இது யாரு கை?"

"தெரியாது. அதை வெட்டினா உங்க நோட்டும் போயிடும். அதான் விட்டுட்டேன்."

அவன் ஆல்பத்தை மூடவில்லை. "எல்லாத்தையும் அழிச்சுட்டதாச் சொன்னீங்களே?"

"அழிச்சது நிஜம். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சதும் நிஜம்."

"எதுக்கு?"

தண்ணீரை ஒட்டிப் பழக... தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. பிரான்சி அதை விழுங்கினாள்.

"படத்துல எல்லாரும் எங்களைப் பாருங்கன்னு நிப்பாங்க. நீங்க மட்டும் உங்க வேலையைப் பார்த்துட்டு நிப்பீங்க. எனக்கு உங்களைத்தான் பார்க்கத் தோணும். பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது... அப்பவே பிடிச்சிருந்துச்சு. தெரிஞ்சதுக்கப்புறம் இன்னும் பிடிச்சிருக்கு. அந்த போர்டு தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி பண்ணினதுதான் பெரிய தப்பு. அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன்."

மழைத் துளி அவள் இமையில் விழுந்து நின்றது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவன் ஆற்றைப் பார்த்தான். பிறகு சொன்னான். நேற்று ஜெஸ்லின் டீச்சர் அவன் அம்மாவுக்குப் போன் போட்டாளாம். கோபமெல்லாம் ஒன்றுமில்லையாம். யாரோ ஒரு பொண்ணு பத்து நிமிஷம் மூச்சு விடாம உங்க பையனைப் பத்திப் பேசுச்சு, அதுக்கப்புறம் நான் எப்படிம்மா நடுவுல வர்றது, முதல்ல அந்தப் பொண்ணு யாருன்னு பாருங்க என்று சொல்லிவிட்டாளாம். அம்மா ராத்திரி பூராவும் அதே கேள்வியாம்.

"என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன். பொய்தான்."

அதற்குள் மேலிருந்து கமர் அக்காவின் குரல் வந்தது. "பின்னால நிக்கிற ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளுங்கப்பா." அப்புறம் குடை ஒரு பக்கம் சாய்ந்தது. காமிராவிலிருந்து கண்ணை எடுத்து உற்றுப் பார்த்தவர், "அடிப்பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க ஜோடியை அதட்ட ஆரம்பித்தார்.

ஸ்டீபன்ராஜ் கேட்டான், "நாளைக்கு இந்தப் படம் உங்க மேசைக்குத்தானே வரும்? யாரை எடுப்பீங்க?"

"பின்னாடி நிக்கிறவங்களைத்தான். சம்பளம் வாங்குறேன்ல."

"எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்குவேன். முப்பத்திரண்டாவது. அதுல நானும் இருப்பேன்."

அவன் சிரித்தான். புதன்கிழமை பார்த்த அதே சிரிப்பு. நோட்டைச் சட்டைப் பையில் வைத்தான். அந்த அவசரமில்லாத கண் அவள்மேல் வந்து நின்றது. இந்த முறை நடுவில் காமிரா இல்லை, அவள் தப்பிக்கவும் நினைக்கவில்லை.

"ஸ்டுடியோவுல உங்களை ஒரு தடவை பார்த்தேன். மண்டபத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களே, அப்ப ஒரு தடவை. கோபமாத்தான் பார்த்தேன், ஆனாலும் மாறலை. இது மூணாவது தடவை."

"அதுக்கு?"

"மூணும் ஒத்துவருதுங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. இன்னைக்கே எங்கம்மாகிட்ட சொல்லப்போறேன்."

மேலே கமர் அக்கா மறுபடியும் தள்ளச் சொல்லிக் கத்தினார். ஸ்டீபன்ராஜ் கம்பத்தை விட்டு ஒரு அடி நகர்ந்து, தண்ணீரில் பக்கத்து இடத்தைக் காட்டினான்.

"கொஞ்சம் நடுவுல வாங்க" என்றான்.

பிரான்சி செருப்பைப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.